அரை மணி என்று நான் சொன்ன பாதை

1

ஊராட்சி அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் மரப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். கையில் காகிதப் பை, அதில் ஆரஞ்சுப் பழங்கள். உடம்பில் ஊராட்சி கொடுத்த மஞ்சள் சட்டை இல்லை. அதை அலுவலகத்திலேயே மடித்து வைத்துவிட்டேன். மடிக்கும்போது சட்டைப் பையில் ஒரு திருகாணி தட்டுப்பட்டது. கைகாட்டிப் பலகைக்கு உரியது. ஊராட்சிச் சொத்து என்பதால் அதையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். செயலாளர் அம்மையார் நன்றி சொன்னார்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன் என்று எழுத ஆசைதான். திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இது தொண்ணூற்றெட்டு அக்டோபரில் நடந்தது. நான் இருப்பது சுவிட்சர்லாந்தில் ஒரு மலை கிராமம். அன்று காலை வரை எனக்கு இருந்த வேலை, மலைக் காட்டுக்குள் நடக்கிற பாதைகளைப் பராமரிப்பது. கோயமுத்தூரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த நாட்டு மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் காட்டுக்குள் நடந்தாக வேண்டும். கனமான செருப்பு, முதுகுப் பை, ரொட்டி எல்லாவற்றோடும் குடும்பமாகப் போய், நன்றாகக் களைத்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவார்கள். ஊருக்குள் எதிரில் வந்தால் முகத்தைப் பார்க்காதவர்கள் மலைப்பாதையில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். நான் வளர்ந்த வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் நாங்களும் இப்படிக் காட்டுக்குள் நிறைய நடந்திருக்கிறோம். அதற்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை. பஸ் வராத நாள் என்போம்.

விழுந்த மரத்தை அறுப்பது, மழை கரைத்த படியைத் திரும்பக் கட்டுவது, வழி தெரிய மரங்களில் மஞ்சள் அடையாளம் தீட்டுவது, கைகாட்டிகளை நிமிர்த்தி வைப்பது, இவைதான் என் வேலை. ஒவ்வொரு கைகாட்டியிலும் போகிற இடத்தின் பெயரும், நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எழுதியிருக்கும். கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான். அந்த நேரத்தை மக்கள் நம்புகிற மாதிரி நம் ஊரில் எந்தப் பலகையையும் யாரும் நம்பி நான் பார்த்ததில்லை.

அந்தப் பலகைக்கு எதிராக நான் பேசினேன். வேலை போய்விட்டது. வேலை இல்லையென்றால் டிசம்பரில் என் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிப்பது சந்தேகம். என் மனைவிக்கும் மகளுக்கும் இந்த நாட்டில் இருக்க உரிமை உண்டு. அவர்களை ஒட்டிக்கொண்டு இருக்கிற என்னைத்தான் வருடம் ஒருமுறை, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள்.

அதனால் மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பண்ணை வீட்டில் எமில் என்ற முதியவர் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரை நலம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி ரோசா மனது வைத்து ஊராட்சிக்கு ஒரு வார்த்தை எழுதுவாரா என்று கேட்கவும் போனேன். இரண்டில் எது முதல் காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

2

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம், இதே பாதையில் ஒரு காட்டு மரத்தில் பழைய மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து இந்த வயதான தம்பதி ஏறி வந்தார்கள். நடந்து பழகியவர்கள் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. மாட்டை விட்டு எங்கும் போகாதவர்களாம். அன்று பக்கத்துப் பண்ணைக்காரர் மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால், பேருந்தில் எங்கள் ஊருக்கு வந்து, மலை உச்சி விடுதி வரை நடந்து, அங்கிருந்து கடைசிக் கம்பிவண்டியில், அதாவது ரோப் காரில், தங்கள் பக்கம் இறங்கிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அந்த அம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"விடுதிக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று பலகையில் இருக்கிறதே. உண்மையா?" என்று கேட்டார்.

உண்மைதான். அந்தப் பலகையை நட்டவன் நான். ஆனால் ஒரு பெரியவர் கல்லில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டால், ஆமாம் இன்னும் அவ்வளவு கிடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் வராது.

"அது மெதுவாக நடப்பவர்களுக்கு. உங்களுக்கு அரை மணி" என்றேன்.

அவர் எழுந்தே விட்டார். "கேட்டாயா எமில், அரை மணியாம்!"

எமில் என் மஞ்சள் சட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். இருவரும் போனார்கள். நான் மரத்துக்கு மஞ்சள் அடித்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு ரொட்டியைச் சாப்பிட்டேன்.

அவர்கள் அரை மணி நடந்தார்கள். அடுத்த திருப்பத்தில் விடுதி வந்துவிடும் என்று இன்னொரு அரை மணி நடந்தார்கள். பனிமூட்டம் இறங்கியது. விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் கம்பிவண்டி நின்றுவிட்டது. பருவம் முடிந்ததால் விடுதியும் பூட்டியிருந்தது. தங்கள் ஊர்ப் பக்கமாக இறங்கும்போது எமில் ஒரு வேரில் கால் மாட்டி விழுந்தார். ஒரு வைக்கோல் கொட்டகையில் இருவரும் ஒண்டிக்கொண்டிருந்தபோது மீட்புக் குழு நாயோடு வந்து கண்டுபிடித்தது. ஊராட்சிக்கு வந்த புகாரில் இருந்தது ஒரே விஷயம்: மஞ்சள் சட்டை போட்ட உங்கள் ஆள், பலகை தப்பு, அரை மணிதான் என்று சொன்னார்.

3

விசாரணையில் செயலாளர் அம்மையாரும் என் மேற்பார்வையாளர் ரூடியும் இருந்தார்கள். ரூடிக்கு என்னைப் பிடிக்கும். மழையில் வேலை செய்யக் கூப்பிட்டால் வருகிறவன் நான் ஒருவன்தான்.

"இவர் நேரத்தைக் குழப்பிக்கொண்டிருப்பார்" என்று ரூடி ஆரம்பித்தார். "நாம் நேரம் சொல்கிற விதம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கஷ்டம்."

அது பொய்யும் இல்லை. ஒன்றரை மணியை இவர்கள் 'அரை இரண்டு' என்பார்கள். வந்த புதிதில் அதனால் மூன்று பேருந்துகளை விட்டிருக்கிறேன். செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொழிக் குழப்பமா? அப்படியென்றால் உங்களைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பினால் போதும்."

நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

"இல்லை. அரை மணி என்றால் என்னவென்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்."

"ஏன்?"

"அந்த அம்மாள் களைத்திருந்தார்."

அவர் அதை எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். "களைத்திருக்கிறவருக்குத்தானே சரியான நேரம் தெரிய வேண்டும்?"

அவர் கேட்டது நியாயம். ரூடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஏன் அந்த வழியை விட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொய்யால் வேலை போகிற நேரத்தில் இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அது பாதிக் காரணம். மீதி இது: எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இந்த ஊர் மொழி வகுப்பில் தேறியதுதான் என் வாழ்க்கையில் நான் தேறிய ஒரே பரீட்சை. அதை என் வாயாலேயே இல்லை என்று ஆக்க மனம் வரவில்லை.

4

விசாரணைக்கு முந்தின நாள் மாலையிலேயே என் மனைவி சுகந்தி இதே யோசனையைச் சொல்லியிருந்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. சண்டையில் கடல் தாண்டி வந்து, கோயமுத்தூருக்குப் பக்கத்து முகாமில் இருந்தவள். அப்போது நான் துடியலூரில் ஒரு பவுண்டரியில் மணல் சலித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆனது. அவள் அண்ணன் இந்த நாட்டில் இருந்தார். அவள் முதலில் வந்தாள், பிறகு கைக்குழந்தையையும் என்னையும் வரவழைத்துக்கொண்டாள்.

"டொச் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ, முடிஞ்சுது" என்றாள். இங்கிருக்கிற ஈழத் தமிழர்கள் ஜெர்மன் மொழியை டொச் என்பார்கள்.

"எனக்குத்தான் வெளங்குமுங்க அம்மணி."

"உங்களுக்கு விளங்குமெண்டு எனக்குத் தெரியும். அவைக்குத் தெரிய வேணுமே? விசா புதுப்பிக்க இன்னும் ரண்டு மாசம்தான் கிடக்கு. திருப்பி அனுப்பினா என்ன செய்யிறது? நானும் பிள்ளையும் வால்பாறையிலை வந்து தேயிலை ஆயிறதோ?"

"அங்கீமு இப்ப வேலை இல்லீங்க."

அவள் சிரிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை, அதுவும் அரை நாள்தான். அதை வைத்து மூன்று பேர் இங்கே இருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அனுமதி அலுவலகத்துக்கும் தெரியும்.

எங்கள் மகள் ஆர்த்திக்கு ஏழு வயது. அம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழ், பள்ளியில் இந்த ஊர் மொழி, பொம்மையிடமும் இந்த ஊர் மொழி. என்னிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசுவாள். "அப்பா, நீங்கள் ஏன் பூனைக்கும் 'ங்க' போடுறியள்?" என்று ஒருநாள் கேட்டாள். கவனித்துப் பார்த்தேன். போடத்தான் செய்கிறேன்.

போன கோடையில் அவளை நான் பராமரிக்கிற காட்டுப் பாதைக்குக் கூட்டிப்போனேன். அப்பா நட்ட பலகைகளைக் காட்ட வேண்டும் என்று ஆசை. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டாள். "இன்னும் எவ்வளவு தூரம்?"

"பக்கந்தான் கண்ணு. அந்த மரந்தாண்டுனா வந்துருச்சு."

அவள் என்னை விட்டுவிட்டுக் கைகாட்டியிடம் போய், விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "பொய் சொல்லாதேங்கோ அப்பா. நாப்பது நிமிஷம் எண்டு போட்டிருக்கு. இது நீங்கள் வைச்ச போர்ட்தானே?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் தூரம் கேட்டதில்லை. நேராகப் பலகையைத்தான் கேட்பாள். நான் பக்கத்தில் காத்திருப்பேன்.

5

இப்போது வால்பாறையைச் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்தபோது நான் எஸ்டேட்டில் இல்லை. பொள்ளாச்சியில் லாரி கிளீனராக, அதற்கு முன்னால் பல்லடத்தில் தறிக்கூடத்தில், அதற்கும் முன்னால் எங்கோ. ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எஸ்டேட் லைன் வீடு வேலை செய்கிறவருக்குத்தான் சொந்தம். வீட்டில் யாரும் பெயர்ப் பதிவில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அம்மா முட்டி தேய்ந்து வேலையிலிருந்து நின்றிருந்தார். அப்பாவின் இடத்தில் என்னைச் சேரச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். வீடு போயிற்று. தங்கை துடியலூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அங்கே போவதாக முடிவானது.

காலி செய்ய வேண்டிய நாளில் நல்ல மழை. மலைச்சாலையில் அட்டகட்டிக்கு மேலே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எஸ்டேட் லாரி சரிவு வரை கொண்டுவந்து எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆழியாறு வரை நடை. வளைவுகளைச் சுற்றாமல் காட்டுக்குள் குறுக்கே இறங்குகிற ஒற்றையடிப் பாதைகள் உண்டு. வழுக்கும், அட்டை ஏறும், ஆனால் பாதித் தூரம் மிச்சம். நான் பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா ஒரு கையில் குச்சியும் மறு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும். ஸ்டவ்வைக் கொடு என்றால் கொடுக்கவில்லை.

அந்தச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கீழேயிருந்து மேலே எண் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் பலகை நட்டிருப்பார்கள். குறுக்குப் பாதை ஒவ்வொரு முறையும் காட்டை விட்டு ஒரு வளைவில் வந்து சேரும். பஸ் இல்லாததால் கீழேயிருந்தும் ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள், சந்தைச் சாமான்களோடு. எதிரில் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி அம்மா கேட்டார்.

"ஏனுங்க, இன்னு எத்தனை தூரமுங்க?"

"அவ்ளோதானுங்க அம்மணி. இன்னு ரண்டு வளைவு."

சொன்னவர் நின்ற இடத்தில் பலகை இருபத்தொன்று என்றது.

கொஞ்சம் இறங்கியதும் ஓர் அம்மாள், தலையில் அரிசி மூட்டை. "எங்கீங்கக்கா, ஆழியாத்துக்கா? நெம்ப தூரமில்லீங்க. ரண்டு வளைவு எறங்குனா டேம் தெரியும் பாருங்க."

பலகை பதினெட்டு.

வரையாடுகள் பாறைமேல் நின்று எங்களைப் பார்த்த இடத்தில் ஒரு தபால்காரர் உட்கார்ந்து காலில் அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டார்.

"வந்தே போட்டீங்க, போங்க! இன்னு ரண்டே ரண்டு!" என்றார். பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில்தான் சாய்ந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உனக்கு நெம்பர் படிக்கத் தெரியுமில்ல? எலை எடை போடறப்ப மேஸ்திரி தப்பாச் சொன்னா கண்டுபுடிப்பியே. அப்புறம் எதுக்கு ஒவ்வொருத்தரையா கேக்கற?"

"பலகைகிட்டக் கேட்டா அது ஒம்பதுங்குது" என்றார் அம்மா. "மனுசங்ககிட்டக் கேட்டா ரண்டுங்கறாங்க. ரண்டுன்னா நடந்துருவேன். நீ மூட்டையப் பாத்துப் புடி, தவலை நசுங்கிப் போயிரும்."

அந்த முட்டியோடு பொழுது சாய்வதற்குள் ஆழியாறு வந்துவிட்டார். கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மேலே ஏறப் புறப்பட்ட ஒரு பையனும் தாயும் வந்து, வளைவெல்லாம் எப்படி, ஏறிவிட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார்கள். "சுளுவா ஏறிப்போடலாமுங்க. ஒண்ணும் தெரியாது" என்றார் அம்மா, முட்டியை நீவிக்கொண்டே.

இங்கே நடந்ததைத் தொலைபேசியில் அவரிடம் சொன்னபோதுகூட அவருக்குப் பிழை எங்கே என்று பிடிபடவில்லை. "அப்புறம் வேற என்னன்னு சொல்றது கண்ணு? இன்னும் ரண்டு மணி நேரம் கெடக்குதுன்னா அந்தம்மா பாவமல்ல?"

6

மலை உச்சி விடுதிக்கு நான் நட்ட பலகை ஒரு மணி ஐம்பது என்றது. அன்று எவ்வளவு வேகமாக நடந்தும் ஒரு மணி நாற்பதுக்குக் குறையவில்லை. கம்பிவண்டி பருவம் முடிந்து நின்றிருந்தது. மறுபக்கம் காட்டுக்குள்ளேயே இறங்கினேன்.

பண்ணை வீடு சாலையோரத்தில் இருந்தது. ரோசா அம்மாள் கதவைத் திறந்து, மஞ்சள் சட்டை இல்லாத என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அரை மணி" என்றார். அடையாளம் தெரிந்துவிட்டது.

உள்ளே எமில் காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். பையைக் கொடுத்தேன்.

"எதற்கு ஆரஞ்சு?"

"எங்கள் ஊரில் உடம்பு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை."

"எலும்புக்கு நல்லதா?"

"தெரியாது."

அவர் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ரோசா அம்மாள் உட்காரவில்லை. "அது மட்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா?" என்று நேராகவே கேட்டார்.

வேலை போனதைச் சொன்னேன். டிசம்பரைச் சொன்னேன். ஊராட்சிக்கு அவர் ஒரு வார்த்தை எழுதினால் ரூடி பேசிப் பார்ப்பார் என்று சொன்னேன்.

"என்னவென்று எழுதுவது? நீங்கள் சொன்னது சரி என்றா?"

"இல்லை. நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் எண்ணத்தை நான் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தேன்."

வேறு வழி இல்லாமல் அம்மாவின் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த டொச்சில் கொண்டை ஊசி வளைவுக்குச் சொல் இல்லை, கையால் வரைந்து காட்டினேன். பலகையில் சாய்ந்துகொண்டு தபால்காரர் சொன்ன இடத்தில் எமில் சிரித்து, கால் வலித்து, திட்டிவிட்டு, மறுபடி சிரித்தார்.

"உங்கள் அம்மா அதை நம்பினாளா?" என்று கேட்டார்.

"இல்லை. அவருக்குத் தெரியும்."

"சொன்னவர்களுக்கு? அவளுக்குத் தெரியும் என்று?"

"அதுவும் தெரியும்."

ரோசா அம்மாள் சிரிக்கவில்லை. "நான் நம்பினேன்" என்றார்.

அந்தச் சமையலறையில்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் இரண்டு வளைவு என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். சொல்கிறவருக்கும் தெரிந்திருக்கும், கேட்கிறவருக்கும் தெரிந்திருக்கும். இங்கே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை. அவர் பலகையிடம் கேட்பது போல என்னிடம் கேட்டிருக்கிறார்.

"தப்புங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் மொழியில் சொன்னேன்.

"ஆமாம்" என்றார். "ஊராட்சிக்கு எழுத மாட்டேன்."

சரி என்று எழுந்தேன். அப்போது பின்பக்கம் மாடு கத்தியது. ஒன்று கத்தியதும் மற்றவையும் கத்தின. ரோசா அம்மாள் வலிக்கிற முன்கையைப் பிடித்துக்கொண்டே மேல்கோட்டைப் போட்டார். எமில் விழுந்த நாளிலிருந்து மாடுகளை அவர் ஒருவர்தான் பார்க்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு நாள் வந்தார், அவருக்கும் மாடு இருக்கிறது. காலையில் கறந்த பால் கேனை இரு கையாலும் தூக்கி, இரண்டடி வைத்து, இறக்கி, மூச்சு வாங்கினார். ஒரு வயதானவர் சுமை தூக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாரால் முடியும்? கேனை வாங்கிக்கொண்டேன்.

கொட்டகையில் ஒன்பது மாடுகள். எல்லாம் நம் ஊர் மாட்டைப் போல ஒன்றரை மடங்கு. கீழே சாணி அன்று முழுக்க அள்ளாமல் கிடந்தது. சுவரில் சாணி அள்ளுகிற கவை மாட்டியிருந்தது. எடுத்து அள்ள ஆரம்பித்தேன். அவர் கறவை இயந்திரத்தை மாட்டிக்கொண்டே என்னைக் கவனித்தார்.

"பழக்கமா?"

"பரம்பரையாக" என்றேன்.

உண்மை. அப்பாவின் அப்பா பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வருடக் கூலிக்குப் பண்ணையத்துக்கு இருந்தவர். இன்னொருவர் கட்டுத்தரையில் தன் பிள்ளைகள் சாணி அள்ளக் கூடாது என்றுதான் அப்பா மலை ஏறினார். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளக் கூடாது என்று நான் இறங்கினேன். இறங்கி இறங்கி இந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறேன்.

கடைசி மாட்டையும் கறந்து முடித்ததும் ரோசா அம்மாள் கையைக் கழுவினார்.

"ஊராட்சிக்கு எழுத மாட்டேன் என்று சொன்னேன். அனுமதி அலுவலகத்துக்கு எழுதுவேன். இவர் என் கொட்டகையில் வேலை செய்கிறார் என்று. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"இளவேனில் வரை. கட்டுப் பிரித்தாலும் எமில் இருபது வயசுக்காரன் ஆகிவிடப் போவதில்லை."

வீட்டுக்குள்ளிருந்து எமில் அதற்கு ஏதோ சொன்னார். அவர் காதில் விழுந்திருக்கிறது.

"நாளைக் காலையிலிருந்தா?" என்று கேட்டேன்.

"மாடு நாளைக்கும் பால் தரும். எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

"ஐந்தரைக்கு."

"அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லை. எப்படி?"

"மலையைச் சுற்றிச் சாலை வழியாக, சைக்கிளில்."

"எவ்வளவு தூரம்?"

பக்கந்தான் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "தூரம்தான். ஒரு மணி நேரம் ஆகும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒன்றே கால்" என்றேன்.

7

கடைசிப் பேருந்தில் வீட்டுக்குப் போனேன். சுகந்தி முழுவதையும் நின்றபடியே கேட்டாள். "வேலையும் போய், தோடம்பழமும் வேண்டிக்கொண்டு போனியளோ?" என்றாள். ஆரஞ்சை அவள் அப்படித்தான் சொல்வாள். பிறகு என்னிடம் இருந்ததிலேயே பழைய கால்சட்டையைத் தேடி எடுத்து நாற்காலிமேல் போட்டாள். ஆர்த்தி, ஒன்பது மாடுகளுக்கும் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

காலையில் பனியில் சைக்கிள் மிதித்து நான் பண்ணைக்குள் நுழைந்தபோது ஐந்தரைக்குச் சில நிமிடங்கள் இருந்தன. கொட்டகையில் விளக்கு எரிந்தது. ரோசா அம்மாள் இரண்டு மாடுகளைக் கறந்து முடித்து மூன்றாவதன் அருகில் குனிந்திருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஐந்தரை என்றுதானே சொன்னேன்?" என்றேன்.

"நீங்கள் சொன்னதால்தான்," என்றார், "ஏழு என்று வைத்துக்கொண்டேன்."

அந்த மாட்டின் பெயர் லீசி என்று சொல்லி, இயந்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காப்பி போடப் போனார். மூன்றாவது மாட்டிலிருந்து வேலை என்னுடையது.